களைக்காத உடம்பு

நிழலுக்குப் போகிற கதவு ஆளைப் பார்த்துத் திறக்காது. சட்டையைப் பார்த்துத்தான் திறக்கும். தோள்பட்டையில் இருக்கிற விளக்கு பச்சையாக எரிந்தால், உடம்பில் இன்னும் தெம்பு இருக்கிறது, போய் வேலையைப் பார் என்று அர்த்தம். விளக்கு சிவந்தால்தான் தாழ் விலகும். உள்ளே குளிர்ந்த காற்றும், உப்புப் போட்ட மோரும், முதுகு சாய்க்கப் பலகையும் இருக்கும்.

கல் சுமக்கிற சகாதேவன் அந்தக் கதவில் சாய்ந்தபடியேதான் விழுந்தான். அவன் தோளில் விளக்கு பச்சையாகவே எரிந்துகொண்டிருந்தது.

செங்கல் அச்சுக் கொட்டகையில் மண் அடித்துக்கொண்டிருந்த பூங்காவனம்தான் முதலில் பார்த்தாள். ஓடிப்போய்த் தொட்டால், சூளையைப் பிரித்து அப்போதுதான் எடுத்த கல் மாதிரி சுட்டது அவன் தேகம். ஒரு பொட்டு வேர்வை இல்லை. செத்துப்போன தன் தங்கச்சி பேரைச் சொல்லி, தண்ணி எடுத்தா என்று புலம்பினான்.

"மேஸ்திரி! கதவைத் தொறய்யா!"

மேஸ்திரி அருணகிரி ஓடி வந்தார். கதவைப் பிடித்து இழுத்தார், உதைத்தார். "பச்சயா இல்ல எரியுது! எங்கையில இன்னாமே கீது? சட்டை சொன்னாத்தான் தொறக்கும்."

பூங்காவனமும் அவள் புருஷன் தாண்டவராயனும் சகாதேவனை ஆளுக்கொரு பக்கம் தூக்கி, மண் ஊறப்போட்டிருந்த குழியில் இறக்கிக் கழுத்துவரை ஈரச் சேற்றை அப்பினார்கள். ஆஸ்பத்திரி வண்டி வருகிறவரைக்கும் அவன் மூச்சைப் பிடித்து வைத்தது அந்தச் சேறுதான்.

அந்த வாரத்தில் இப்படி விழுந்தது அவன் ஒருவன் மட்டும் இல்லை. சுவர் நெடுகப் பல இடத்தில் விழுந்தார்கள். எல்லார் தோளிலும் பச்சை.

சுவர் என்றால் கடலைத் தடுக்கிற சுவர். பழவேற்காட்டுக்கு வடக்கே கடல் ஊருக்குள் ஏறிக்கொண்டே வந்தது. இயந்திரங்களைக் கொண்டுவந்து நிறுத்திப் பார்த்தார்கள். உப்புக் காற்றில் மூட்டு மூட்டாகத் துருப்பிடித்து உட்கார்ந்துவிட்டன. மனுஷ மூட்டு துருப்பிடிக்காது என்று கண்டுபிடித்து, திண்டிவனம், செஞ்சிப் பக்கத்துச் சூளைகளிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்தார்கள். ஆனால் வெயில் பழைய வெயில் இல்லை. வெறும் உடம்போடு மதியத்தில் நின்றால் ஆள் பிழைக்க மாட்டான். அதனால் வந்ததுதான் குளிர்ச்சட்டை. முதுகில் ஜில்லென்று தண்ணீர் ஓடும், நெஞ்சில் நாடி பார்க்கும். இந்த உடம்பு இன்னும் எவ்வளவு நேரம் தாங்கும் என்று கணக்குப் போட்டு விளக்கில் காட்டும். சட்டை இல்லாமல் வெயிலில் இறங்கக் கூடாது என்பது சட்டம். ஒருத்தர் சட்டையை இன்னொருத்தர் போட்டால் இரண்டு பேருமே சுவரைவிட்டுப் போகவேண்டும், குடியிருப்பில் வீடும் கிடையாது என்பது கம்பெனியின் சட்டம்.

சுவரின் பெரிய வாசலில் நாலைந்து வருஷமாகவே கம்பெனி மாட்டிய தாண்டவராயனின் படம் இருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தலையில் கல் சுமந்து, வெயிலைப் பார்த்துச் சிரிக்கிறமாதிரி. கீழே கொட்டை எழுத்தில் 'களைக்காத உடம்பு' என்று போட்டிருந்தது. குடியிருப்பு மண்டபத்தில் நடக்கிற சாயங்கால வகுப்பில் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்ட பிறகு, பூங்காவனம் யார் துணையும் இல்லாமல் படித்த முதல் வாசகம் அது. படித்த அன்று வாசலிலேயே நின்று திரும்பத் திரும்பப் படித்தாள். இப்போது அதே வகுப்பில் பத்தாவதுக்குப் போயிருந்தாள்.

சகாதேவன் விழுந்த மறுநாள் கம்பெனியிலிருந்து ஒரு பொறியாளர் வந்தாள். பெயர் ஜெசிந்தா. தூத்துக்குடிக்காரி. பூங்காவனத்தைவிட ஒன்றிரண்டு வயது குறைவாக இருக்கும். வந்ததும் வராததுமாகக் கிடங்கிலிருந்து ஒரு சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டு, மதிய வெயிலில் கல் சுமந்து பார்த்தாள். முகம் செத்துப்போய் அச்சுக் கொட்டகைக்குள் வந்து தரையில் உட்கார்ந்தாள். அவள் தோளிலும் பச்சை.

"பொய் சொல்லுது, அக்கா," என்றாள், பூங்காவனம் நீட்டிய சொம்பை வாங்கிக் குடித்துவிட்டு. "எனக்குக் கண்ணு இருட்டிட்டு வருது. இது என்னன்னா இன்னும் தூக்கு, தூக்குங்கு."

"சட்டை பழுதா?"

"சட்டையில பழுது இல்ல. பொங்கலுக்கு அப்புறம் எல்லாச் சட்டைக்கும் கணக்குப் போடுததுக்குப் புதுசா ஒரு பாடம் ஏத்துனாவ. அதுலதான் எங்கேயோ கோளாறு. எங்கன்னுதான் பிடிபட மாட்டேங்கு."

பேசிக்கொண்டே ஒரு குச்சியால் ஈர மண்ணில் இரண்டு வட்டம் போட்டாள். இடது வட்டத்தில் புள்ளிகள். வலது வட்டத்தில் புள்ளிகள். இங்கிருந்து அங்கே அம்புகள்.

பூங்காவனத்துக்குச் சிரிப்பு வந்தது. "இது எங்க மொதப் பாடம்மா. அம்பு கெளம்புற வட்டம் மதிப்பகம், போய்ச் சேர்றது வீச்சகம்."

ஜெசிந்தா நிமிர்ந்து பார்த்தாள். "படிக்கீங்களா?"

"பத்தாவது. போன பரீட்சையில இதுல தப்புப் போட்டன். புள்ளி வச்ச எடம் பூராவும் வீச்சகம்னு எழுதிட்டன். அம்பு வந்து தச்ச புள்ளி மட்டுந்தானாம். அம்பு வராத புள்ளி வட்டத்துல சும்மா குந்திக்கினு இருக்குமாம்."

"அதேதான். இந்தா, இந்த இடது வட்டம்தான் சட்டைக்கு மதிப்பகம். போன வருசம் வரைக்கும் இந்தச் சுவர்ல வேலை செஞ்ச ஒவ்வொருத்தர் உடம்பும் ஒரு புள்ளி. வலது வட்டம், எவ்வளவு நேரம் வெயில் தாங்கும்ங்கிற விடை. ஒரு உடம்புக்கு ஒரு விடைதான் இருக்கணும். ரெண்டு விடை வந்தா அது சார்பே கிடையாது."

"அத நான் இப்படித்தான் மனசுல வச்சிக்கினன்," என்றாள் பூங்காவனம். "ரெண்டு பேரு ஒரே பந்தியில குந்தலாம். ஒருத்தன் ரெண்டு பந்தியில குந்த முடியாது."

ஜெசிந்தா வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் குச்சி ஒரு புள்ளியின்மேல் போய் நின்றது. "ஆனா இங்க ஒருத்தர் ரெண்டு பந்தியிலயும் உக்காந்திருக்காரு, அக்கா. நாப்பத்தொண்ணாம் உடம்பு. காலையில பாத்தா ஒரு விடை, மதியம் பாத்தா வேற விடை. நாடி ஏறும், ஏறும், இனி விழுந்துருவாருன்னு நினைக்கும்போது, வெயில்ல நின்னுக்கிட்டே, நிழலுக்கே போகாம, நாடி தானா இறங்கிரும். புதுசா வந்த ஆள் மாதிரி. நான் இத்தனை வருசத்துல இப்படி ஒரு மனுஷ உடம்பைப் பாத்ததில்ல. மேல உள்ளவங்களுக்கு ஒரே சந்தோசம். மனுஷ உடம்பால இவ்வளவு முடியும்னு இதுதான் அத்தாட்சின்னு, எல்லாச் சட்டைக்கும் உச்சி அளவை இந்தப் புள்ளியை வச்சே முடிவு பண்ணிட்டாவ. நாடி ஏறினாலும் பரவாயில்ல, கொஞ்சம் பொறுத்தா தானா இறங்கும்னு ஒவ்வொரு சட்டையும் நம்புது. இறங்க மாட்டேங்கு. ஆள் விழுதான்."

பூங்காவனத்தின் கை மண்ணிலேயே நின்றுவிட்டது. நாற்பத்தொன்று யாருடைய சட்டை எண் என்று அவளுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை.

"அந்தப் புள்ளிய எடுத்துட்டா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"எடுத்தா உச்சி இறங்கிரும். எல்லாக் கதவும் நேரத்துக்குத் திறக்கும். ஆனா எந்தக் காரணத்தைச் சொல்லி எடுக்க? ஆள் இருக்காரு, கைரேகை சரியா இருக்கு, நாடி நிஜம். விடை பிடிக்கலங்கிறதுக்காக ஒரு மனுஷனை மதிப்பகத்துல இருந்து தள்ள முடியாதுலா?" ஜெசிந்தா குச்சியைப் போட்டுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நாளை மறுநாள் வரைக்கும்தான் எனக்கு இங்க வேலை. அதுக்குள்ள காரணம் கிடைக்கலன்னா இந்தப் பாடம் அப்படியே இருக்கும்."

காரணம் எதிரே, முழங்கை வரைக்கும் மண்ணோடு உட்கார்ந்திருந்தது. சொல்ல வாய் எடுத்தாள் பூங்காவனம். அப்புறம், பாதி உடம்பு புருஷனுடையது, கேட்காமல் சொல்லக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டாள்.

சூளையில் புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து ஒரு ஜோடி. ஜோடிக்கு ஒரு பேர். அதுவும் புருஷன் பேர். கூலி ஜோடிக்கு, குடிசை ஜோடிக்கு. சுவருக்கு ஆள் எடுத்தபோது மேஸ்திரி அருணகிரி சூளையில் சொல்கிற மாதிரியே சொல்லிவிட்டார். இயந்திரமும் அப்படியே வாங்கிக்கொண்டது. தாண்டவராயன், ஒன்று. சட்டையும் ஒன்று.

ஜோடியில் ஒருத்தர் கொட்டகைக்குள் அச்சில் மண் அடிப்பார். இன்னொருத்தர் கல்லைச் சுமந்து வெயிலில் களத்தில் அடுக்குவார். மற்ற ஜோடிகளில் சட்டை ஆம்பளை மேலேயே இருந்தது. கொட்டகை வேலை எப்போதும் பெண்ணுக்கு. தாண்டவராயனும் பூங்காவனமும் சூளையில் எப்படிச் செய்தார்களோ அப்படியே இங்கேயும் செய்தார்கள். இடுப்பு விட்டுப்போகிற மாதிரி இருந்தால் "மாத்து!" என்று குரல் கொடுக்கவேண்டியது. அடுத்த மூச்சில் இவர் அங்கே, அவர் இங்கே. அந்தக் குரலோடு சட்டையும் கைமாறியது. அவ்வளவுதான். ஜோடிக்கென்று கொடுத்த சட்டை, இதில் திருட்டு இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தோன்றியதே இல்லை. பொங்கலுக்குப் பிறகு சட்டை பொய் சொல்லத் தொடங்கியபோதும் அவர்களுக்குத் தெரியவில்லை. அவர்கள் விளக்கைப் பார்த்து மாற்றவில்லை, இடுப்பைக் கேட்டு மாற்றினார்கள்.

அன்று பொழுது சாய்கிற நேரத்தில், கால் கழுவிக்கொண்டிருந்த புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சொம்பைக் கீழே வைத்தான்.

"சொன்னா வேல பூடும்மே."

"பூடும்."

"வூடு?"

"அதுவும்தான்."

"வாசல்ல படம்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். அப்பன் பேர் சொல்லக்கூட ஆள் இல்லாமல் வளர்ந்தவன் அவன். அந்தப் படத்துக்குக் கீழே நடந்து போகும்போது மட்டும் அவன் முதுகு நிமிர்ந்திருக்கும். அவளுக்கு அது தெரியும். "நாம இன்னா திருடுனமா?"

"திருடல. அதான் சொல்லப் போறன். திருடுனவன்தான் ஒளிச்சி வைக்கணும்."

"சகாதேவன் எப்படி கீறான்?"

"கண்ண முழிச்சானாம். மூத்திரம் இன்னும் வரலயாம்."

தாண்டவராயன் மறுபடி சொம்பை எடுத்து உள்ளங்கைச் சேற்றைக் கழுவினான். "களைக்காத ஒடம்பாம்," என்றான். "டெய்லி ராத்திரி என் இடுப்ப மிதிக்கிறவளுக்குத் தெரியும், களைக்குமா களைக்காதான்னு." அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

மறுநாள் காலை இரண்டு பேரும் ஜெசிந்தாவின் முன்னால் போய் நின்றார்கள்.

"நீ நேத்து சொன்ன நாப்பத்தொண்ணு இவருதாம்மா," என்றாள் பூங்காவனம். "ஆனா அது ஒரு புள்ளி இல்ல. ரெண்டு புள்ளி. ஒண்ணு இவரு. இன்னொண்ணு நான்."

ஜெசிந்தாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். "நாங்க விடையிலயே தேடிக்கிட்டு இருந்தோம். மதிப்பகமே தப்பா எழுதியிருக்குன்னு ஒருத்தருக்கும் தோணல. எனக்கும்தான்."

பக்கத்தில் நின்ற அருணகிரி நடுவே புகுந்தார். "ஏய் பூங்காவனம், இன்னா பேசுற? மேடம், இவ வெயில்ல ஒளர்றா. ஜோடின்னா ஒண்ணுதான், எங்க வழக்கமே அதான்."

"வழக்கம் சோத்துக்குச் சரி மேஸ்திரி. நாடிக்கு ஆவாது," என்றாள் அவள்.

ஜெசிந்தா தயங்கினாள். "அக்கா, நான் நம்புதேன். மேல உள்ளவங்க நம்பணும்லா. பேச்சை வச்சு எடுக்க முடியாதும்பாவ."

"பேச்ச யாரு நம்பச் சொன்னா?" என்று தாண்டவராயன் முதன்முதலாக வாயைத் திறந்தான். "வெயில் ஏறட்டும். பாக்கச் சொல்லு."

வெயில் ஏறியது. ஜெசிந்தா பெரிய திரை ஒன்றைக் களத்து ஓரத்தில் நிறுத்தி, கம்பெனியின் மேலிடம் எங்கேயோ உட்கார்ந்து பார்க்கிற மாதிரி செய்தாள். சேதி பரவி, பக்கத்தில் வேலை செய்த சுவர் ஆட்கள் கூடிவிட்டார்கள். தாண்டவராயன் சட்டையைப் போட்டுக்கொண்டு கல்லைத் தூக்கினான். திரையில் அவன் நாடி ஒரு கோடாக ஓடியது. நடந்தான், அடுக்கினான், திரும்பினான். கோடு மெல்ல மெல்ல மேலே ஏறியது. கொட்டகை நிழலில் பூங்காவனம் அச்சு அடித்துக்கொண்டே அவன் நடையையே பார்த்தாள். இடது குதிகால் இழுபடத் தொடங்கியது. இனி கூப்பிடுவான்.

"மாத்து!"

அவள் அச்சை விட்டு எழுந்தாள். அவன் கொட்டகை விளிம்புக்கு வந்தான். அவன் கை தோள்வாரைத் தளர்த்த, அவள் கை இடுப்புக் கொக்கியைக் கழற்ற, சட்டை அவன் முதுகிலிருந்து நழுவி அவள் முதுகில் ஏறியது. ஈரம் காயவில்லை. யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை. கண் இமைக்கிற நேரத்தில் அவள் தலையில் கல் இருந்தது, அவன் அச்சின் முன்னால் குந்தியிருந்தான். கூட்டத்தில் ஒருத்தன் அறியாமல் விசில் அடித்துவிட்டான்.

திரையில் கோடு சரேலென்று இறங்கியது. மலை உச்சியிலிருந்து உருண்ட கல் மாதிரி. ஜெசிந்தா அதற்குப் பக்கத்திலேயே போன வருஷத்து நாற்பத்தொன்றாம் உடம்பின் கோட்டை வைத்தாள். ஏற்றம் அதே ஏற்றம். சரிவு அதே சரிவு. தோளில் விளக்கு மட்டும் எப்போதும்போலப் பச்சையாகவே எரிந்தது, தன்னைப் போட்டிருக்கிற ஆள் மாறிவிட்டது தெரியாமல்.

பூங்காவனம் கல்லை இறக்கவில்லை. திரைக்கு முன்னால் நடந்து வந்து, அதற்குள் எங்கேயோ இருக்கிறவர்களைப் பார்த்துச் சொன்னாள். "களைக்காத ஒடம்புன்னு ஒண்ணு ஒலகத்துலயே இல்லீங்க. இங்க கீறது களைச்சா மாத்திக்கிற ரெண்டு ஒடம்பு. அந்தப் படத்த வச்சி எங்க ஆளுங்கள அளக்காதீங்க. எம் பேரு பூங்காவனம். அது உங்ககிட்ட இல்ல. போட்டுக்குங்க."

பிறகு ஜெசிந்தாவின் காதில் ஏதோ சொல்லப்பட்டது. அவள் தலையை ஆட்டினாள். விரலை வைத்து, நாற்பத்தொன்றாம் புள்ளியை வட்டத்திலிருந்து எடுத்தாள்.

முதலில் பூங்காவனத்தின் தோளில் சிவந்தது; அந்தச் சட்டை தாண்டவராயன் சுமந்ததையும் சேர்த்தே கணக்கு வைத்திருந்தது. அடுத்தது அவள் பக்கத்தில் நின்றவன். அதற்கடுத்தவன். களம் தாண்டி, சுவர்மேல் நின்றவர்கள், சாரத்தில் தொங்கியவர்கள், கண்ணுக்கு எட்டுகிற தூரம் வரைக்கும் கடலோரமாக ஒவ்வொன்றாகச் சிவந்துகொண்டே போனது. மற்ற அத்தனை பேரும் எல்லையைத் தாண்டித்தான் நின்றுகொண்டிருந்திருக்கிறார்கள். நிழல் கொட்டகைகளின் தாழ்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடகடவென்று விலகின. உப்புக் காற்றுக்கு நடுவே குளிர்ந்த காற்று வெளியே வந்து எல்லார் காலையும் தொட்டது. சுவர் கட்டத் தொடங்கிய நாளிலிருந்து எல்லாக் கதவும் சேர்ந்தாற்போலத் திறந்தது அன்றைக்குத்தான்.

அருணகிரி தன் தோளைப் பார்த்தார். அவருடையதும் சிவப்பு. முதல் ஆளாக உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

வாசலில் இருந்த படத்தை இறக்கிவிட்டார்கள். அங்கே சுவர் மட்டும் வெளுத்து, ஒரு சதுரம் தெரிந்தது. கம்பெனிச் சட்டப்படி இரண்டு பேரையும் சுவரைவிட்டு நிறுத்தியும் வைத்தார்கள். ஆனால் எடுத்த புள்ளிக்குப் பதிலாகப் புதிதாக இரண்டு புள்ளி வைத்தால்தான் பாடம் முழுசாகும், அதற்கு இரண்டு பேரையும் தனித்தனியாக அளந்தாக வேண்டும் என்று ஜெசிந்தா ஒற்றைக் காலில் நின்றாள். அதனால் இரண்டு பேரையும் வேலைக்குத் திரும்ப எடுத்தார்கள், வீடும் நிலைத்தது; ஜோடி என்று எழுதியிருந்த இடமெல்லாம் பிரித்து எழுதும்படி ஆயிற்று. மற்ற ஜோடிப் பெண்களும் வரிசையில் வந்து நின்று, அவரவர் பேரை அவரவரே சொன்னார்கள். சிலர் தங்கள் பேரை வாய்விட்டுச் சொல்லிப் பல வருஷம் ஆகியிருந்தது. சகாதேவன் தடி ஊன்றி ஊர் திரும்பினான். சுமை தூக்க இனி ஆகாது.

தாண்டவராயனைக் கண்டால் பையன்கள் இப்போதும், "வாய்யா களைக்காத ஒடம்பு!" என்று கிண்டல் பண்ணுவார்கள். "அதுல பாதி உள்ள மண் அடிக்குது, போய்க் கேளு," என்பான் அவன். முதுகு முன்பைவிட நிமிர்ந்துதான் இருந்தது.

பூங்காவனம் தனக்கென்று வந்த சட்டையைப் போட்டுக்கொண்டு முதன்முதலாக வெயிலில் இறங்கினாள். மாற்றிக்கொள்ள முடியாத சட்டை. வேறு உடம்பு பட்டால் அணைந்துவிடும். தாண்டவராயனும் அவன் சட்டையில், பக்கத்து வரிசையில். இரண்டு பேரும் அடுத்தடுத்துக் கல் அடுக்கினார்கள். அவள் நினைத்ததைவிட வெகு சீக்கிரமாகவே அவள் தோள் சிவந்துவிட்டது.

"இன்னா பூங்காவனம், அதுக்குள்ளயா?" என்றார் அருணகிரி.

"ஆமா மேஸ்திரி. என் அளவு இவ்ளோதான்," என்றாள் அவள், பரீட்சையில் சரியாகப் போட்ட கணக்கைக் காட்டுகிறவள் மாதிரி.

கதவு திறந்தது. அவள் பேருக்காகத் திறந்த முதல் கதவு. உள்ளே கால் வைக்கப்போகும்போது, பின்னால் பழக்கத்தில் ஒரு குரல் வந்தது.

"மாத்து!"

திரும்பினாள். தாண்டவராயன் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றான். தலையில் கல். இடது குதிகால் இழுபடத் தொடங்கியிருந்தது. தோளில் இன்னும் பச்சை.

ஆள் முழுசாக உள்ளே போனால்தான் அந்தக் கதவு சாத்திக்கொள்ளும். பூங்காவனம் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்து, வாசலிலேயே சாவகாசமாக உட்கார்ந்தாள். குளிர்ந்த காற்று அவளைத் தாண்டிக் களத்துக்குள் போயிற்று. அவன் கல்லை இறக்கி வைத்துவிட்டு அந்தக் காற்றில் வந்து நின்றான். அவனுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்து நின்றார்கள்.

நாளைக்கே ஜெசிந்தாவின் திரையில் இது தெரியும். வெயிலில் நின்றபடியே மூன்று உடம்புகளின் நாடி எப்படி இறங்கியது என்று இயந்திரம் கேட்கும். கேட்கட்டும். இந்தத் தடவை கேட்டவுடனே சொல்லிவிடுவாள். அவள் பேரும் இப்போது அதற்குள்ளே இருக்கிறது.